ரொட்டிக்காகப் போனவர்கள் ராஜாவையே கூட்டி வந்த கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

பிரெஞ்சுப் புரட்சி பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தீங்க. நானும் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். காரணம் சிம்பிள். அது ஒரு எபிசோடுக்குள்ள அடங்குற விஷயம் கிடையாது. பத்து வருஷக் கதை. நூற்றுக்கணக்கான பெயர்கள். அதனால இன்னைக்கு முழுப் புரட்சியையும் சொல்லப் போறதில்லை. ரெண்டே ரெண்டு நாள் கதையைச் சொல்லப் போறேன்.

புதுச்சேரிக்குப் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பிரெஞ்சுக்காரங்க 1954-லேயே நிர்வாகத்தை ஒப்படைச்சுட்டுப் போயிட்டாலும், இன்னைக்கும் அங்க ஒவ்வொரு வருஷமும் ஜூலை 14 கொண்டாடுறாங்க. பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்த பெரியவங்க பதக்கம் எல்லாம் குத்திக்கிட்டு அணிவகுப்புல நடப்பாங்க. அது பாஸ்டில் தினம். 1789 ஜூலை 14-ல் பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டைச் சிறையைப் பிடிச்ச நாள். நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துலயும் அந்தப் படம்தான் இருக்கும். புகை, பீரங்கி, கோட்டை.

நான் சொல்லப் போறது வேற தேதி. அதே வருஷம் அக்டோபர் 5, 6. நான் படிச்ச பாடப்புத்தகத்துல இதுக்கு ஒரு வரிதான் இருந்துச்சு. "பெண்கள் வெர்சாய்க்கு ஊர்வலமாகச் சென்றனர்", அவ்வளவுதான். பின்னாடி விரிவா படிக்கும்போதுதான், பாஸ்டில் விழுந்ததை விடவும் ராஜாவோட அதிகாரம் உண்மையில சரிஞ்சது இந்த ரெண்டு நாள்லதான்னு எனக்குத் தோணுச்சு. ஏன்னு சொல்றேன், கேளுங்க.

ஒரு ரொட்டியோட விலை

முதல்ல பாரிஸ்ல ஒரு சாதாரணக் குடும்பம் என்ன சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கணும். ரொட்டி. நமக்கு ரொட்டின்னா காபியோட தொட்டுக்குற ஒரு சமாச்சாரம். அவங்களுக்கு அதுதான் சோறு. வேலைக்குப் போற ஒருத்தர் ஒரு நாளைக்கு ஒரு கிலோ அளவுக்கு ரொட்டி சாப்பிட்டார். கறி, காய், வெண்ணெய் எல்லாம் இருந்தா உண்டு.

அப்போ வழக்கமா விற்ற ரொட்டி நாலு பவுண்டு எடை, ஏறக்குறைய ரெண்டு கிலோ. சாதாரண வருஷத்துல அதோட விலை எட்டு அல்லது ஒன்பது சூ. 'சூ'ங்கிறது அவங்க சில்லறைக் காசு. ஒரு கூலித் தொழிலாளியோட தினக்கூலி 20-லேர்ந்து 30 சூ. இப்போ 1788-க்கு வாங்க. அந்த வருஷம் ஜூலை 13-ஆம் தேதி பயங்கரமான ஆலங்கட்டி மழை பெய்து, பிரான்ஸின் பல பகுதிகளில் பயிர் நாசமானது. அதுக்குப் பிறகு வந்த குளிர்காலம் ஆறுகளே உறைஞ்சு போற அளவுக்குக் கடுமை. 1789 பிப்ரவரியில் அதே ரொட்டியோட விலை பதினாலரை சூ ஆயிடுச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. 20 சூ கூலி வாங்குறவர் ஒரே ஒரு ரொட்டி வாங்கினா, கையில மிச்சம் அஞ்சரை சூ. அதுல வீட்டு வாடகை, விறகு, மெழுகுவர்த்தி, துணி. வீட்டுல நாலு பேர் இருந்தா ஒரு ரொட்டி போதாது.

இதுல இன்னொரு விஷயம் முக்கியம். அன்னைக்கு பிரான்ஸ்ல ரொட்டிங்கிறது வெறும் வியாபாரம் கிடையாது. மக்களுக்கு ரொட்டி கிடைக்கிறதைப் பார்த்துக்கிறது ராஜாவோட கடமைன்னு ஒரு நம்பிக்கை பல தலைமுறையா இருந்துச்சு. ரொட்டியோட எடை, விலை, தானியச் சந்தை எல்லாத்தையும் ராஜாவோட போலீஸ் கண்காணிச்சாங்க. ராஜாங்கிறவர் ஒரு அப்பா மாதிரி. அப்பா எவ்வளவு கண்டிப்பா வேணாலும் இருக்கலாம், ஆனா வீட்டுல உலை எரியணும். இதுதான் எழுதப்படாத ஒப்பந்தம்.

பதினாறாம் லூயி 1774-ல் பட்டத்துக்கு வந்ததும், அவரோட அமைச்சர் துர்கோ தானிய வியாபாரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளை எடுத்துட்டார். சந்தை பார்த்துக்கும்னு நினைச்சார். அதே வருஷம் விளைச்சல் மோசம். விலை ஏறிச்சு. 1775 வசந்த காலத்துல பாரிஸைச் சுற்றி முந்நூறுக்குப் பக்கமா கலவரங்கள் நடந்தன. வரலாற்றுல அதுக்குப் பேரே 'மாவுப் போர்'. ராணுவத்தை இறக்கித்தான் அடக்கினாங்க. அப்பவே அந்த ஒப்பந்தத்துல ஒரு விரிசல் விழுந்தாச்சு. இதெல்லாம் புரட்சிக்கு 14 வருஷத்துக்கு முன்னாடி.

இந்த இடத்துல எல்லாருக்கும் ஞாபகம் வர்ற ஒரு வசனம் இருக்கு. "ரொட்டி இல்லைன்னா கேக் சாப்பிடட்டும்"னு ராணி மரி அந்துவானெத் சொன்னாங்களாம். இல்லைங்க, அவங்க சொன்னதுக்கு ஆதாரமே கிடையாது. ரூசோ தன்னோட சுயசரிதையில, பேர் சொல்லாம ஒரு 'பெரிய இளவரசி' இப்படிச் சொன்னதா எழுதியிருக்கார். அந்தப் பகுதியை அவர் எழுதின காலத்துல மரி அந்துவானெத் ஆஸ்திரியாவுல சின்னப் பொண்ணு. பிரான்ஸுக்கு வந்ததே 1770-ல்தான். ஆனா மக்கள் ஏன் இதை நம்பினாங்கன்னு யோசிச்சா, அதுல ஒரு உண்மை தெரியும். மேல இருக்கிறவங்களுக்கு நம்ம அடுப்பு எரியுதா இல்லையான்னே தெரியாதுங்கிற எண்ணம் அவ்வளவு ஆழமாப் பதிஞ்சு போயிருந்துச்சு.

கையெழுத்து போடாத ராஜா

சரி, அரசியல் பக்கம் வருவோம். வேகமா சொல்லிடறேன். அரசாங்கம் கடன்ல மூழ்கியிருந்துச்சு. அமெரிக்க சுதந்திரப் போருக்குக் கொட்டின பணம் வேற. 1788-ல் அரசோட செலவுல ஏறக்குறைய பாதி, கடனுக்கே போச்சு. வரி போடலாம்னா, மதகுருமாரும் பிரபுக்களும் பெரும்பாலான வரிகள்லேர்ந்து விலக்கு வாங்கி வெச்சிருந்தாங்க. வேற வழி இல்லாம 1789 மே 5-ஆம் தேதி ராஜா 'எஸ்டேட்ஸ் ஜெனரல்' சபையைக் கூட்டினார். அது கடைசியாகக் கூடினது 1614-ல். 175 வருஷத்துக்குப் பிறகு கூடுது.

சபையில மூணு பிரிவு: மதகுருக்கள், பிரபுக்கள், மற்ற எல்லாரும். அந்த 'மற்ற எல்லாரும்'தான் நாட்டுல கிட்டத்தட்ட மொத்தப் பேரும். ஆனா பிரிவுக்கு ஒரு ஓட்டு. அப்போ எப்பவுமே ரெண்டுக்கு ஒண்ணுதான். மூன்றாவது பிரிவு இதை ஏத்துக்கலை. ஜூன் 17-ல் நாங்கதான் தேசிய சபைன்னு அறிவிச்சாங்க. ஜூலை 14-ல் பாஸ்டில். அங்க உள்ளே இருந்த கைதிகள் மொத்தமே ஏழு பேர். மக்கள் அங்க போனதே வெடிமருந்துக்காக. ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களோட நிலமானியச் சலுகைகளை ரத்து பண்றதா சபை முடிவெடுத்தது. ஆகஸ்ட் 26-ல் மனிதன் மற்றும் குடிமகனின் உரிமைகள் பிரகடனம் வந்தது. மனிதர்கள் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறாங்கன்னு சொல்ற அந்த பிரபலமான ஆவணம்.

இதுவரைக்கும் நம்ம பாடப்புத்தகத்துல இருக்கு. இருக்காதது என்னன்னா, ராஜா இதுக்கு ஒப்புதல் கொடுக்கலை. நேரடியா மறுக்கவும் இல்லை. பார்க்கலாம், இதுல எனக்குச் சில சந்தேகம் இருக்கு, இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்னு இழுத்தடிச்சுட்டே இருந்தார். ஆகஸ்ட் போச்சு, செப்டம்பர் போச்சு. உரிமைகள் எல்லாம் காகிதத்துல இருந்துச்சு. ராஜாவோட சம்மதம் மட்டும் வரலை.

அதே நேரத்துல பாரிஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா? அந்த வருஷம் விளைச்சல் நல்லாவே இருந்தது. ரொட்டி விலையையும் 12 சூவுக்குக் குறைச்சிருந்தாங்க. ஆனா கோடையில மழை இல்லாம ஆறுகள்ல தண்ணி இறங்கிப் போச்சு. அன்னைக்கு மாவு அரைக்கிற ஆலைகள் பெரும்பாலும் ஓடுற தண்ணியில சுத்துறவை. கோதுமை இருக்கு, அரைக்க வழியில்லை. குறைச்ச விலைக்கு ரொட்டி கடையிலயே இல்லை. விடியறதுக்கு முன்னாடியே ரொட்டிக் கடை வாசல்ல பெண்கள் வரிசை. மணிக்கணக்கா நின்னு, கடைசியில வெறுங்கையோட திரும்பணும்.

வரிசையில நிக்கிறதுன்னா என்னன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். சின்ன வயசுல எங்க பாட்டியோட ரேஷன் கடை வரிசையில நின்னிருக்கேன். மண்ணெண்ணெய் வருமா வராதாங்கிறதுல ஆரம்பிச்சு, யார் எங்க பதுக்கி வெச்சிருக்கான்ங்கிறது வரைக்கும் அங்கதான் பேசுவாங்க. பாரிஸ்லயும் அதுதான் நடந்திருக்கணும். சபையில ஆம்பளைங்க அரசியல் சட்டம் பேசிட்டிருந்த நேரத்துல, ரொட்டிக் கடை வாசல் பெண்களோட சபையா மாறிடுச்சு.

திங்கட்கிழமை காலை

அக்டோபர் 1. ராஜாவோட பாதுகாப்புக்காக ஃப்ளாண்டர்ஸ் படைப்பிரிவை வெர்சாய்க்கு வரவழைச்சிருந்தாங்க. அந்த அதிகாரிகளுக்கு அரண்மனை நாடக அரங்கத்துல பெரிய விருந்து. ராஜாவும் ராணியும் வந்து தலையைக் காட்டினாங்க. போதை ஏறின நேரத்துல, புரட்சியோட அடையாளமான மூவர்ணச் சின்னத்தைக் காலால மிதிச்சாங்கன்னு ஒரு செய்தி பாரிஸுக்கு வந்துச்சு. மிதிச்சாங்களா இல்லையான்னு இன்னைக்கும் வாதம் இருக்கு. ஆனா விருந்து நடந்தது உண்மை. பாரிஸ்ல ஒரு ரொட்டிக்காக விடிய விடிய நிக்கிறாங்க. இருபது கிலோமீட்டர் தள்ளி விருந்து நடக்குது. மூவர்ணச் சின்னத்தை விடுங்க, இந்த ஒரு விஷயம் போதாதா?

அக்டோபர் 5, திங்கட்கிழமை காலை. மத்தியச் சந்தைப் பகுதியிலயும், தொழிலாளர்கள் வாழ்ந்த செயின்ட் அந்துவான் பகுதியிலயும் பெண்கள் கூட ஆரம்பிச்சாங்க. ஒருத்தங்க மத்தளம் தட்ட, ஆலய மணியை அடிக்க, கூட்டம் பெருசாச்சு. மீன் விக்கிறவங்க, காய்கறி விக்கிறவங்க, துணி துவைக்கிறவங்க, தையல் வேலை பார்க்கிறவங்க. நல்லா உடுத்தின நடுத்தர வீட்டுப் பெண்களும் இருந்தாங்க. முதல்ல போனது நகராட்சி மாளிகைக்கு. அங்க இருந்த ஆயுதங்களை எடுத்துக்கிட்டாங்க. பாஸ்டில் தாக்குதல்ல கலந்துக்கிட்ட மாயார்ங்கிறவர் முன்னாடி நின்னார். கூட்டம் அந்த மாளிகையைக் கொளுத்திடாம, வெர்சாய் பக்கம் திருப்பினதுல அவருக்குப் பங்கு இருந்துச்சு.

ஆறாயிரம், ஏழாயிரம் பெண்கள். கையில ஈட்டி, துடைப்பக்கட்டை, கத்தி. கூடவே பீரங்கி. மழை கொட்டுது. ஆறு மணி நேர நடை.

வெர்சாய்க்குப் போற பாதை சந்தைப் பெண்களுக்குப் புதுசு கிடையாது. அரச குடும்பத்துல குழந்தை பிறந்தா, பாரிஸ் சந்தைப் பெண்கள் ஒரு குழுவா போய் வாழ்த்துச் சொல்ற வழக்கம் ரொம்ப காலமா இருந்துச்சு. ராஜாவை நேர்ல பார்த்துப் பேசுற உரிமை இவங்களுக்குப் பழக்கத்துல இருந்தது. அதனால அவங்க பார்வையில இது படையெடுப்பு கிடையாது. தெரிஞ்ச வீட்டுக்குப் போய் நியாயம் கேட்கிறது. ஒரே வித்தியாசம், இந்தத் தடவை வாழ்த்துச் சொல்லப் போகலை.

நனைஞ்ச துணியோட சபைக்குள்ள

ராஜா அன்னைக்கு எங்க இருந்தார் தெரியுமா? மெதோன் காட்டுல வேட்டையாடிட்டு இருந்தார். ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க.

பெண்கள் முதல்ல போனது அரண்மனைக்கு இல்லை. தேசிய சபைக்குள்ள. நனைஞ்ச துணி, சேறு படிஞ்ச கால். உறுப்பினர்கள் பக்கத்துல பெஞ்சுல உட்கார்ந்தாங்க. நீங்க என்ன சட்டம் பேசினாலும் சரி, முதல்ல ரொட்டியைப் பத்திப் பேசுங்கன்னு சத்தம் போட்டாங்க. சபைத் தலைவர் மூனியே ராஜாவைப் பார்க்கக் கிளம்பினார். அவர் திரும்பி வந்தப்போ அவரோட நாற்காலியில ஒரு பெண் உட்கார்ந்திருந்ததா பதிவு இருக்கு.

மூனியேயோட சில பெண்கள் ராஜாவைப் பார்க்கப் போனாங்க. அவங்க சார்பா பேச வேண்டியது லூயிசன் ஷாப்ரி. வயசு 17. ராஜா முன்னாடி போய் நின்னதும் "ரொட்டி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மயங்கி விழுந்துட்டா. பசியா, பயமா, ரெண்டுமா? ராஜா அவளைத் தெளிய வெச்சு, ஆதரவா பேசினார். தானியம் அனுப்ப ஏற்பாடு பண்றேன்னு வாக்குக் கொடுத்தார். நெகிழ்ந்து போய் வெளியில வந்தா, வாசல்ல நின்ன பெண்கள் அவளை நம்பலை. "பணம் வாங்கிட்டியா? எழுதி வாங்கிட்டு வந்தியா?"ன்னு பிடிச்சுக்கிட்டாங்க. அவளைத் தூக்குல போடப் போன நேரத்துல, நடுவுல புகுந்து காப்பாத்த வேண்டியதாச்சு. அவ மறுபடி உள்ள போய் எழுத்து வடிவத்துல வாங்கிட்டு வந்தா.

எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அன்பா பேசினார்ங்கிறது அவங்களுக்குப் போதலை. எழுதி வாங்கினியான்னு கேட்டாங்க. அப்பா மாதிரி இருந்த ராஜாவோட, இனிமே எழுத்துல இல்லாத எந்த வாக்கும் செல்லாதுன்னு முதல்ல முடிவு பண்ணது தத்துவம் படிச்சவங்க இல்லைங்க. மழையில நின்ன மீன்காரங்க.

அன்னைக்கு ராத்திரி இன்னொண்ணும் நடந்துச்சு. ரெண்டு மாசமா பார்க்கலாம் பார்க்கலாம்னு சொல்லிட்டு இருந்த ராஜா, உரிமைகள் பிரகடனத்துக்கும் அரசியல் சட்டத்தோட முதல் விதிகளுக்கும் எந்த நிபந்தனையும் இல்லாம ஒப்புதல் கொடுத்தார். சபை எத்தனையோ தீர்மானம் போட்டும் கிடைக்காதது, வாசல்ல கூட்டம் நின்ன ஒரே சாயங்காலத்துல கிடைச்சது.

விடியற்காலை

பாரிஸ்லேர்ந்து லஃபாயெத் தலைமையில தேசியக் காவல் படை கிளம்பி வந்துச்சு. பதினஞ்சாயிரம் பேருக்கு மேல. உண்மையில அவர் கூட்டிட்டு வரலை. அவரோட ஆட்கள் கிளம்பிட்டாங்க, அவர் பின்னாடியே வர வேண்டியதாச்சு. வந்து சேர நடுராத்திரி ஆயிடுச்சு. எல்லாம் அமைதியா இருக்குன்னு நினைச்சு அவர் தூங்கப் போனார்.

விடியற்காலை ஆறு மணி வாக்குல, காவல் இல்லாத ஒரு வாயில் வழியா கூட்டத்துல ஒரு பகுதி அரண்மனைக்குள்ள புகுந்தது. மெய்க்காவலர்கள் ரெண்டு பேரைக் கொன்னு, தலையை ஈட்டியில குத்தினாங்க. ராணி வெறுங்காலோட ஒரு மறைவான வழியா ராஜாவோட அறைக்கு ஓடித் தப்பிச்சாங்க. இதை நான் மெழுகிச் சொல்ல விரும்பலை. பசிச்ச கூட்டத்தோட கோபத்துல நியாயம் இருந்துச்சு. அந்த ரெண்டு பேர் சாவுல நியாயம் எதுவும் இல்லை. புரட்சியோட கதையில இந்த ரெண்டும் அடிக்கடி ஒரே நாள்ல, ஒரே இடத்துல நடக்கும். ஒண்ணை மட்டும் சொல்றவங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடதான் கேட்கணும்.

பிறகு லஃபாயெத் ராஜாவை மாடத்துக்குக் கூட்டிட்டு வந்தார். கூட்டம் "ராஜா வாழ்க"ன்னு கத்துச்சு. ஆமா, வாழ்கன்னுதான். கூடவே "பாரிஸுக்கு வா"ன்னும் கத்துச்சு. அப்புறம் ராணி தனியா மாடத்துல வந்து நின்னாங்க. கீழே துப்பாக்கிகள் அவங்களைப் பார்த்து இருந்துச்சு. லஃபாயெத் குனிஞ்சு ராணியோட கையை முத்தமிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி அவங்களைத் தேடின அதே கூட்டத்துலேர்ந்து "ராணி வாழ்க"ன்னு குரல் வந்தது. 1789-ல் இந்த மக்களுக்கு மன்னராட்சியை ஒழிக்கிற எண்ணமே கிடையாது. ராஜா பக்கத்துல இருந்தா சரியா நடந்துப்பார், சுத்தி இருக்கிறவங்கதான் கெடுக்குறாங்கன்னு நம்பினாங்க.

அன்னைக்கு மத்தியானம் ஊர்வலம் பாரிஸுக்குக் கிளம்பியது. அறுபதாயிரம் பேர் இருந்திருக்கலாம்னு கணக்கு. முன்னாடி மாவு மூட்டை வண்டிகள். துப்பாக்கி முனையில ரொட்டி. நடுவுல ராஜாவோட வண்டி. இவங்களுக்கு மக்கள் வெச்ச பேர்: ரொட்டிக்காரர், ரொட்டிக்காரர் பொண்டாட்டி, ரொட்டிக்காரர் பையன். கிண்டலாத் தெரியலாம். ஆனா அதுக்குள்ள அந்தப் பழைய ஒப்பந்தம் அப்படியே இருக்கு. உன் வேலை எங்களுக்கு ரொட்டி கொடுக்கிறது. அதை மறந்துட்ட. அதனால வந்து கூட்டிட்டுப் போறோம்.

அரச குடும்பம் துய்லரி அரண்மனையில தங்க வைக்கப்பட்டது. லூயி அதுக்குப் பிறகு வெர்சாய்க்குத் திரும்பவே இல்லை. 1791 ஜூன்ல குடும்பத்தோட தப்பிச்சு ஓடப் பார்த்து, வரென்ங்கிற ஊர்ல மாட்டிக்கிட்டார். 1792 ஆகஸ்ட் 10-ல் மன்னராட்சி விழுந்தது. 1793 ஜனவரி 21-ல் கில்லட்டின். பாஸ்டில் விழுந்தப்போ ராஜா தன் வீட்டுல இருந்தார். அக்டோபர் 6-க்குப் பிறகு அவர் மக்களோட கண்காணிப்புல இருந்தார். நான் ஆரம்பத்துல சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

யார் சொல்லிக் கொடுத்தது?

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்ப யோசிக்க வேண்டியதா இருந்துச்சு. இந்தச் சம்பவத்தைப் பத்தி நீதிமன்ற விசாரணை ஒண்ணு நடந்தது. கிட்டத்தட்ட 400 பேர் சாட்சி சொன்னாங்க. விசாரணை பெரும்பாலும் தேடினது ஒரே ஒரு கேள்விக்குப் பதிலைத்தான்: பின்னாடி இருந்தது யார்? ராஜாவோட உறவினரான ஆர்லியன்ஸ் பிரபு பணம் கொடுத்தாரா? மிராபோவுக்குப் பங்கு இருந்ததா? கூட்டத்துல இருந்தது பெண்கள்தானா, பெண் வேஷம் போட்ட ஆண்களா? கடைசியில 1790-ல் தேசிய சபையே அந்த ரெண்டு பேர் மேலயும் வழக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிடுச்சு.

ஆனா அந்தக் கேள்வியைக் கவனிங்க. ஆயிரக்கணக்கான பெண்கள், ரொட்டி இல்லைங்கிறதுக்காகத் தாங்களாவே கிளம்பி நடந்திருப்பாங்கங்கிறதை நம்ப அவங்களால முடியலை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கணும். யாரோ காசு கொடுத்திருக்கணும். இதை நீங்க வேற எங்கயும் கேட்டதில்லைன்னு சொல்ல மாட்டீங்க.

ரொட்டிப் பிரச்சினை அதோட தீர்ந்துடலை. அக்டோபர் 21-ஆம் தேதி, ரொட்டியைப் பதுக்கினார்னு குற்றம் சாட்டி ஃபிரான்சுவாங்கிற ரொட்டிக் கடைக்காரரைக் கூட்டம் தூக்குல போட்டுக் கொன்னது. சபை அன்னைக்கே கூட்டங்களைச் சுட்டுக் கலைக்க அனுமதிக்கிற ராணுவச் சட்டத்தைக் கொண்டு வந்தது. வெர்சாய்ல அந்தப் பெண்களுக்கு பெஞ்சுல இடம் விட்ட அதே சபை. நடுவுல வெறும் ரெண்டு வாரம்தான்.

அடுத்து ஓட்டுரிமை. யாருக்கு ஓட்டுன்னு சபை முடிவு பண்ணப்போ, 25 வயசு ஆன, மூணு நாள் கூலிக்குச் சமமான வரி கட்டுற ஆண்களுக்குன்னு முடிவாச்சு. பெண்கள் அந்தப் பட்டியல்லயே இல்லை. இது அநியாயம்னு கொந்தோர்செ 1790-ல் எழுதினார். 1791-ல் ஒலாம்ப் த கூஜ், ஆண்களுக்கு எழுதின பிரகடனத்தை எடுத்து, வரிக்கு வரி பெண்களுக்கும் சேர்த்துத் திருப்பி எழுதினாங்க. பெண்ணைத் தண்டிக்கும்போது சமமா நடத்துற சட்டம், பேச விடும்போது மட்டும் ஏன் சமமா நடத்தலைங்கிறதுதான் அவங்க கேள்வியோட சாரம்.

1793 ஆகஸ்ட் 10. மன்னராட்சி விழுந்து ஒரு வருஷம் ஆனதைக் கொண்டாட பாரிஸ்ல பெரிய விழா. ஓவியர் டாவிட் வடிவமைச்சது. வழியில ஒரு வளைவு, அக்டோபர் 5, 6 நாயகிகளுக்காகவே கட்டினது. பீரங்கி மேல பெண்களை உட்கார வெச்சு மரியாதை பண்ணாங்க. சரி, இவ்வளவு நாளாச்சு, இப்பவாவது ஞாபகம் வந்துதேன்னு தோணும். ஆனா அங்க பேசின சபைத் தலைவர் சொன்னதோட சாரம் என்னன்னா, நாட்டைக் காப்பாத்துற வீரர்களைப் பெத்துக் கொடுங்க.

அது ஆகஸ்ட். அக்டோபர் 30-ல் பெண்களோட அரசியல் சங்கங்கள் எல்லாத்தையும் தடை பண்ணிட்டாங்க. போலின் லியோனும் கிளேர் லக்கோம்பும் சேர்ந்து அந்த வருஷம்தான் ஆரம்பிச்ச புரட்சிப் பெண்கள் சங்கமும் அதோட முடிஞ்சது. பொது விவகாரம் பெண்களோட இயல்புக்கு ஒத்து வராதுன்னு காரணம் சொன்னாங்க. நவம்பர் 3-ல் ஒலாம்ப் த கூஜுக்குக் கில்லட்டின்.

பிரான்ஸ்ல பெண்களுக்கு ஓட்டுரிமை எப்போ வந்துச்சு தெரியுமா? 1944-ல். முதல் தடவையா ஓட்டுப் போட்டது 1945-ல். வெர்சாய்க்கு நடந்து 155 வருஷம் கழிச்சு.

முடிக்கறதுக்கு முன்னாடி

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்னு சொன்னா எல்லாருக்கும் பிரெஞ்சுப் புரட்சி ஞாபகம் வரும். அந்த வார்த்தைகளை எழுதினவங்க பேர் எல்லாம் நமக்குத் தெரியும். சிலை இருக்கு, தெருப் பேர் இருக்கு. நான் அவங்களைக் குறைச்சுச் சொல்லலை. எழுதாம இருந்திருந்தா, ஒப்புதல் கேட்க ஒரு காகிதமே இருந்திருக்காது.

ஆனா அந்தக் காகிதத்துக்கு ராஜாவோட சம்மதத்தை வாங்கிக் கொடுத்தவங்க, காலையில ரொட்டிக்காகக் கிளம்பி, ராத்திரி நனைஞ்ச துணியோட சபை பெஞ்சுல தூங்கினவங்க. சம்மதம் கிடைச்சது. அந்தக் காகிதத்துல அவங்களுக்கு மட்டும் இடம் இல்லை.

அதனால இனிமே எந்தப் புரட்சியைப் பத்திப் படிச்சாலும், எந்தப் போராட்டத்தைப் பத்திக் கேட்டாலும், ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. அன்னைக்கு யார் நடந்தாங்க? அப்புறம் யாருக்குக் கிடைச்சது? பல சமயம் ரெண்டுக்கும் ஒரே பதில் வராது. வராத இடத்துல ஒரு கதை பாக்கி இருக்குன்னு அர்த்தம்.

லூயிசன் ஷாப்ரியை வாசல்ல மறிச்ச அந்தப் பெண்களோட கேள்வியையும் மறக்காதீங்க. நல்லா பேசினாங்களாங்கிறது இருக்கட்டும். எழுதி வாங்கினியா? அதுல நம்ம பேரும் இருக்கா?

உங்க வீட்டுல, உங்க ஊர்ல, பேர் தெரியாம போன இப்படி ஒருத்தங்க கதை இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.